பருப்புக் குடோனும் பத்து வாரச் சொட்டு மருந்தும்: ரங்கூனில் ஒரு தீராத மூக்கொழுகல்

மார்ச் கடைசி வாரம். ரங்கூன் பயின்னவுங் மொத்தச் சந்தைப் பக்கம் ஒரு பருப்புக் குடோனில் கணக்குப்பிள்ளையாக இருக்கும் 41 வயது ஆண், பத்து வாரமாக மூக்கு நிற்கவில்லை என்று வருகிறார். இது ஒரு தனி ஆளின் மருத்துவ ஏடு அல்ல. இந்த மாதிரி நோயாளிகளிடம் அடிக்கடி சேர்ந்தே வரும் கூறுகளை ஒருவர் மேல் ஏற்றி எழுதிய மாதிரி நிகழ்வு. மருந்தளவும் உடல் இயங்கும் விதமும் மட்டும் உள்ளது உள்ளபடியே.

"அடைக்குது டாக்டர். மருந்து விட்டா திறக்குது, திறந்தா ஒழுகுது. ரெண்டுல ஒண்ணுதான் எப்பவும்" என்பது அவர் முறையீடு. கூட வந்த தாயார் வேறு காரணம் வைத்திருந்தார்: "தலையில நீர் கோத்துக்கிட்டு நிக்குதுங்க ஐயா. பனி நாள்ல ராத்திரி தலைக்கு ஊத்தாதேன்னு சொன்னேன், கேட்டானா?"

வருவதற்கு முன் பார்த்த வைத்தியம் நிறைய. ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டு தவணை. சிறு மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரையைப் பெயர் எழுதாமல் கலந்து கட்டித் தரும் பொட்டலம் ஒரு வாரத்துக்கு. பர்மியர் 'ஷூஸே' என்று சொல்லும், மூக்கில் வைத்து உறிஞ்சும் தைலக் குழாய் சட்டைப் பையில் எப்போதும். நொச்சி போட்டு ஆவி, மிளகு ரசம், பிறகு மூக்குச் சொட்டு மருந்து. இவற்றில் பல ஒன்றும் செய்யவில்லை, ஒன்று மட்டும் நோயை வளர்த்தது.

நாள்கணக்கு

நீண்ட மூக்கொழுகலில் முதலில் எழுத வேண்டியது தேதிகள். ஜனவரி இரண்டாம் வாரம் தொண்டை கரகரப்போடு தொடங்கியிருக்கிறது. மறுநாள் தும்மல், தண்ணீராய் ஒழுகல். மூன்றாம் நாள் சளி கெட்டியாகி மஞ்சளானது. நாலாம் நாள் சொட்டு மருந்து வாங்கினார். ஒன்பதாம் நாளுக்குள் உடம்பு வலியும் இருமலும் போய்விட்டன. இது சாதாரண ஜலதோஷத்தின் வழக்கமான நடை. ஜலதோஷம் தரும் வைரஸ்களில் ஒன்றான ரைனோவைரஸில் மட்டும் 160க்கு மேல் வகைகள் உண்டு. தொற்றிய ஒன்று முதல் மூன்று நாளில் தலை காட்டும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், ஏழு முதல் பத்து நாளில் அடங்கும். சளி பச்சையானாலோ மஞ்சளானாலோ பாக்டீரியா வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வைரஸை எதிர்க்க வந்த வெள்ளணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது, நிறம் அதனுடையது. நிறத்தைப் பார்த்து இரண்டு தவணை ஆன்டிபயாடிக் சாப்பிட்டது வீண்.

பாக்டீரியாத் தொற்று என்று நினைக்க வேறு அடையாளங்கள் வேண்டும். பத்து நாள் கடந்தும் கொஞ்சமும் குறையாமல் இருப்பது. குறைந்து வந்தது ஐந்தாறு நாளில் காய்ச்சலோடு திரும்ப மோசமாவது. தொடக்கத்திலேயே 39 டிகிரிக் காய்ச்சலோடு சீழ் போன்ற சளியோ முக வலியோ சேர்ந்து மூன்று நாலு நாள் நிற்பது. இவரிடம் இந்த மூன்றும் இல்லை.

ஜனவரிக் கடைசியோடு முடிந்திருக்க வேண்டிய கதை. முடியவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒழுகல் குறைந்து அடைப்பு முன்னுக்கு வந்தது. இரவில் மூன்று தடவை எழுந்து மருந்து விட்டுக்கொண்டார். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் படம் மறுபடி மாறியது. பத்துப் பதினைந்து தும்மல் ஒரே மூச்சில், கண் அரிப்பு, அண்ணத்தில் நமைச்சல், வெறும் தண்ணீர் போல ஒழுகல். கீழ்ப் பர்மாவில் நெல் அறுத்த வயலில் விதைக்கும் உளுந்து, அதாவது மட்பே, பிப்ரவரி மார்ச்சில்தான் அறுவடையாகிறது. பெகு பக்கத்திலிருந்து புது மூட்டைகள் குடோனுக்கு வந்து இறங்கிய வாரமும் அதே வாரம்தான். இதை அவராகச் சொல்லவில்லை. 'அந்த வாரம் குடோனில் என்ன நடந்தது?' என்று கேட்டபோது கணக்கு ஏட்டை மனதில் புரட்டிச் சொன்னார்.

இன்னொரு கணக்கு புட்டியுடையது. எத்தனை சொட்டு விடுகிறீர்கள் என்று கேட்டால் யாரும் 'அப்பப்ப ரெண்டு' என்பார்கள். ஒரு புட்டி எத்தனை நாள் வருகிறது என்று கேட்க வேண்டும். இவர் சொன்னது நாலு நாள். 10 மில்லி புட்டியில் ஏறக்குறைய 200 சொட்டு. அப்படியானால் நாளைக்கு 50. இவர் விட்ட சைலோமெட்டசோலின் 0.1 சதவீத மருந்துக்கு வயது வந்தவரின் அளவு ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு, நாளைக்கு மூன்று வேளை வரை; கூட்டினால் 12 முதல் 18. அதுவும் மூன்று முதல் ஐந்து நாளைக்குத்தான். மூன்று மடங்கு அளவை பத்து வாரம் விட்டிருக்கிறார்.

எப்போது, எந்தப் பக்கம், கைக்குட்டையில் என்ன

மூக்கொழுகலைப் பிரித்தறியக் கருவி வருமுன் இந்த மூன்று கேள்வி போதும். இவர் பதில்கள்: காலை ஆறு மணிக்கு எழுந்ததும் கொஞ்சம்; எட்டரை மணிக்குக் குடோன் கதவு திறந்து கால்மணி நேரத்துக்குள் கொட்டும்; சாயங்காலம் வீடு வந்து ஓய்ந்தபின் ராத்திரி எட்டு மணி வாக்கில் மறுபடி அடைப்பு. ஞாயிறன்று பாதிதான். இரண்டு பக்கமும். கைக்குட்டையில் நிறமில்லாத நீர், சில நாள் மேலே ரத்தக் கோடு.

அதோடு, கேட்காமலே ஒன்று சொன்னார். காலையில் தேநீர்க் கடையில் மொகிங்கா என்ற மீன்சாற்று நூடுல்ஸ் சாப்பிடும்போது மிளகாய்த்தூளைத் தூவிய முதல் கரண்டியிலேயே மூக்கு ஒழுகும். தும்மல் இல்லை, அரிப்பு இல்லை. சாப்பிட்டு முடித்ததும் நின்றுவிடும். இது பல வருஷமாக உண்டாம்.

ஆக ஒழுகும் மூக்கு ஒன்று, ஊற்று ஒன்றல்ல. ஜனவரியில் வைரஸ். பிப்ரவரி தொடக்கத்தில் சொட்டு மருந்தின் மறுவீக்கம். பிப்ரவரிக் கடைசியிலிருந்து குடோன் தூசி அலர்ஜி. காலம் காலமாக மிளகாய். நாலையும் 'சளி' என்ற ஒரே சொல்லில் கட்டியதால்தான் ஒரு மருந்தும் பிடிக்கவில்லை. பர்மிய மொழியிலும் இதே சிக்கல்: 'அஎமி' என்றால் குளிர் பிடித்தது, நம் வாயில் சளி பிடித்தது, நீர் கோத்தது. காரணத்தைப் பெயரிலேயே தீர்மானித்துவிடும் சொற்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

மூக்குக்குள் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக மூன்று சதை மடிப்புகள் இருக்கின்றன. கீழ் மடிப்புதான் பெரியது. அதனுள் ரத்த நாளங்கள் கடற்பஞ்சு போல நிறைந்து வீங்கவும் சுருங்கவும் செய்யும். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது அதன் வேலை. மடிப்புகளின் மேல்தோலில் சளி சுரக்கும் அணுக்களும் நீர் சுரக்கும் சுரப்பிகளும் உண்டு. அந்தச் சளிப் படலத்தை நுண்ணிய மயிரிழைகள் ஒரு நொடியில் பத்து முறைக்குமேல் அடித்துத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் நாள் முழுக்க விழுங்குகிறோம், தெரிவதில்லை. சுரப்பு கூடி, நீர்த்து, தள்ளும் வேகத்தை மிஞ்சினால் முன்பக்கம் வழியும்.

சுரப்பைக் கூட்டும் வழிகள் வெவ்வேறு. வைரஸ் வந்தால் அழற்சி. நாளங்கள் வீங்கி நீர் கசியும், நரம்பும் சுரப்பியைத் தூண்டும். அலர்ஜியில், தூசியின் புரதம் பட்டதும் மூக்கின் தோலிலுள்ள மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். நிமிடங்களில் தும்மல், அரிப்பு, நீர். நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் அலை ஒன்று வரும், அது பெரும்பாலும் அடைப்பு. இவருக்கு ராத்திரி எட்டு மணிக்கு அடைத்தது வீட்டில் உள்ள எதனாலோ என்று அவர் நினைத்தார். பகலில் குடோனில் பட்டதன் பாக்கி அது. மிளகாயில் கதை வேறு: காரத்தின் சூடு உணரும் நரம்பு முனைகள் நேரடியாகச் சுரப்பியை ஏவிவிடும். அங்கே ஹிஸ்டமின் இல்லை, அதனால் அலர்ஜி மாத்திரை மொகிங்காவுக்குப் பயன்படாது. அழுதால் மூக்கொழுகுவது இன்னும் எளிது. கண்ணீர் கீழ் மடிப்பின் அடியில் திறக்கும் குழாய் வழியாக மூக்குக்குள் வடிகிறது, அவ்வளவுதான்.

சொட்டு மருந்து செய்வதைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை ஒழுகலை நிறுத்தும் மருந்து என்றே வாங்குகிறார்கள். அது ரத்த நாளத்தை இறுக்கும். அடைப்பைத்தான் திறக்கும், ஒழுகலை நிறுத்தும் வேலை அதற்கு அநேகமாக இல்லை. சில நாளுக்குமேல் தொடர்ந்தால் நாளம் மருந்துக்குப் பழகிவிடும். மருந்து இறங்கும்போது முன்னைவிட அதிகமாக வீங்கும். வீங்கினால் மறுபடி விடுவார். பத்து மணி நேரம் தாங்கிய மருந்து இரண்டு மணி நேரம் தாங்கும். இவருக்கு நடந்தது இதுதான்.

பரிசோதனை

வெப்பம் சாதாரணம். முகத்தில் அழுத்தினால் வலியில்லை. மூக்கின் நடுவில், நுனிக்குச் சற்று மேலே குறுக்கே மெல்லிய கோடு. உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து விழுந்தது, அலர்ஜிக்காரரின் பழைய அடையாளம். துளைக்குள் விளக்கடித்தபோது கீழ் மடிப்புகள் சதைத் துண்டு போல் சிவந்து வீங்கி, நடுச்சுவரைத் தொட்டன. அலர்ஜி மட்டும் என்றால் மடிப்பு வெளிறி நீலம் பாய்ந்து ஈரமாக இருக்கும். இந்தச் சிவப்பு சொட்டு மருந்தின் கைவேலை. நடுச்சுவரின் முன்பகுதியில் இரண்டு சிறு ரத்தப் புள்ளி. பாலிப் என்ற சதை வளர்ச்சி இல்லை. நெஞ்சில் இழுப்புச் சத்தம் இல்லை. அலர்ஜி மூக்கு உள்ளவரில் கணிசமானோருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்து வரும் என்பதால் நெஞ்சைக் கேட்காமல் மூக்கோடு நிறுத்துவது தவறு. ராத்திரி இருமல், படியேறினால் இளைப்பு உண்டா என்றும் கேட்கப்பட்டது, இல்லை.

ரத்த அழுத்தம் 148/94. முன்பு இருந்ததில்லையாம். நாளத்தை இறுக்கும் மருந்தை நாளைக்கு 50 சொட்டு விட்டால் அதில் ஒரு பகுதி ரத்தத்தில் சேரும். கலவைப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் 'சாப்பிட்ட மூணு நாள் அருமையா இருந்துச்சு, நல்ல பசி, அப்புறம் பழையபடி' என்று சொன்னது ஸ்டீராய்டு மாத்திரை கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தந்தது. சர்க்கரையும் பார்க்கச் சொல்லப்பட்டது, அது சரியாகவே இருந்தது.

தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜிச் சோதனை கைக்கெட்டும் இடத்தில் இல்லை. இருந்தாலும் அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடிப்பு எழாது. அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. வாரத்தில் நாலு நாளுக்கு மேலும், தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அதை நிலைத்த அலர்ஜி என்று எடுத்துச் சிகிச்சை தொடங்கலாம். அந்தக் கணக்குக்கு இவர் பொருந்தினார்.

பருப்பு மூட்டையில் அலர்ஜி தருவது பருப்பு மட்டுமல்ல. உமி, மண், பூஞ்சை வித்து, வண்டுத் துகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தானியக் கிடங்கில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள். எது என்று பிரித்தறிவது ஆராய்ச்சிக்குத் தேவை. இவருக்குத் தேவை தூசியை மூக்கிலிருந்து தள்ளி வைப்பது.

சிகிச்சை, வரிசை முக்கியம்

முதல் நாளே சொட்டு மருந்தை இரண்டு பக்கமும் பிடுங்கினால் அன்று இரவே கடைக்கு ஓடுவார். எனவே முதலில் அழற்சியைக் குறைக்கும் புளூட்டிகசோன் மூக்குத் தெளிப்பு தொடங்கியது. ஒரு தெளிப்பில் 50 மைக்ரோகிராம், ஒவ்வொரு துளையிலும் இரண்டு, காலையில் ஒருமுறை. நாளைக்கு மொத்தம் 200. இதன் வேலை அரைநாளில் தொடங்கினாலும் முழுப் பலன் தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். இது உடனே திறக்காது என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் 'இது வேலை செய்யல' என்று தூக்கிப் போடுவார்கள்.

வலது துளையில் சொட்டு மருந்து அன்றே நிறுத்தம். இடது துளையில் படுக்கும்போது மட்டும் இரண்டு சொட்டு, ஒரு வாரத்துக்கு. பிறகு அதுவும் நிறுத்தம். ஒரு பக்கம் மூச்சு ஓடும் வரை தூக்கம் கெடாது. தூக்கம் கெடாதவரை மனிதன் சொன்னதைக் கேட்பான்.

அலர்ஜி மாத்திரை: பெக்சோபெனடின் 120 மில்லிகிராம் தினம் ஒன்று, தண்ணீரோடு. ஆரஞ்சு, ஆப்பிள் பழச்சாற்றோடு சாப்பிட்டால் உடம்பில் சேருவது குறையும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் குளோர்பெனிரமின் மாத்திரையும் ஒழுகலைக் காயவைக்கும், ஆனால் தூக்கம் தள்ளும். லாரி பின்னோக்கி வரும் முற்றத்தில் நின்று மூட்டை எண்ணுகிறவருக்கு அது ஆகாது. அடைப்புக்கு என்று சளி மாத்திரைகளில் சேர்க்கும் பினைல்எப்ரின் வாய்வழி எடுத்தால் பயனில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒருமனதாகவே சொல்லிவிட்டது. ரத்த அழுத்தம் ஏறிய இவருக்கு அந்த வகை மாத்திரை எதுவும் வேண்டாம் என்று எழுதப்பட்டது.

மூன்றாவது, உப்புநீர்க் கழுவல். செலவு மிகக் குறைவு, பிழை நடப்பதும் இதில்தான் அதிகம். 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. எடை போட வசதி இருந்தால் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. தண்ணீரைக் கொப்பளிக்க ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் எடுக்க வேண்டும். 20 லிட்டர் புட்டித் தண்ணீர் குடிக்கச் சரி, மூக்குக்கு அப்படியே சரியல்ல. கொதிக்காத தண்ணீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறிக் கொன்றுவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கொதிக்கவைத்ததை ஒரு நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது.

கழுவும்போது தொட்டிமேல் குனிந்து தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாய்வழி மூச்சு விட்டபடி, மேலே உள்ள துளையில் பிழியும் புட்டியை மெதுவாக அழுத்த வேண்டும். நீர் கீழ்த் துளையில் வரும். முடிந்ததும் இரண்டு துளையும் திறந்தபடி லேசாகச் சிந்த வேண்டும். ஒரு துளையைப் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் காதுக்குள் அழுத்தம் போகும். கழுவி கால்மணி நேரம் கழித்துத்தான் தெளிப்பு. முன்னால் அடித்தால் மருந்தையே கழுவிக் கொட்டுவதாகும்.

ஆவி பிடிப்பதைத் தடுக்கவில்லை, சிபாரிசும் செய்யவில்லை. ஜலதோஷத்தின் நாளைக் குறைப்பதாக உறுதியான ஆதாரம் இல்லை. இதமாக இருக்கிறது என்றால் பிடிக்கலாம், ஆனால் வெந்நீர்ச் சட்டியைக் குழந்தை இருக்கும் தரையில் வைக்காமல். தைலக் குழாயிலுள்ள மென்தால் மூக்கைத் திறப்பதில்லை. குளிர்ச்சி உணரும் நரம்பைத் தொட்டு, திறந்தது போன்ற உணர்வைத் தருகிறது. மிளகு ரசத்தின் மேல் குறை ஒன்றும் இல்லை. சூடான திரவம் தொண்டைக்கு இதம், உள்ளே தண்ணீர் சேரும், சாப்பாடும் இறங்கும்.

ஐந்தாம் நாள் நடந்தது

திரும்ப வந்தார். மூக்கில் ரத்தம். உப்புநீர் எரிகிறது. காது அடைத்துக்கொண்டது. தெளிப்பு தொண்டையில் கசக்கிறது, மூக்கில் ஒன்றும் தெரியவில்லை. நாலையும் அங்கேயே செய்து காட்டச் சொன்னபோது காரணம் கண்ணுக்கு முன் வந்தது.

தெளிப்புப் புட்டியை வலது கையால் பிடித்து வலது துளையில் நேராக, சற்று உள்நோக்கி அடித்தார். மருந்து முழுக்க நடுச்சுவரில், ஏற்கெனவே புண்பட்ட அந்த இரண்டு புள்ளிகளின் மேல். அடித்த கையோடு தலையை அண்ணாந்து 'சர்'ரென்று உறிஞ்சினார். மருந்து ஒரே இழுப்பில் தொண்டைக்குப் போனது. திருத்தம்: வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. புட்டி முனை கண்ணின் வெளிமூலையைப் பார்க்க வேண்டும், நடுச்சுவரை அல்ல. தலை சற்றுக் குனிந்து. முகர்வது போல் மெல்லிய மூச்சு, உறிஞ்சல் கிடையாது. புதுப் புட்டியைக் குலுக்கி, பனிபோல் பரவும் வரை காற்றில் சில முறை அடித்துப் பழக்கியபிறகே மூக்குக்கு. ரத்தப் புள்ளிகள் ஆற, ராத்திரி ஒரு பட்டாணி அளவு வாசலின் சுவரின் முன்பகுதியில்.

உப்புநீரில் அவர் போட்டது ஒரு டீஸ்பூன் குவித்து. 'ஜாஸ்தி போட்டா சீக்கிரம் காயும்னு நெனச்சேன்.' எரிந்ததில் வியப்பில்லை. காது அடைத்ததற்குப் புட்டியைப் பலமாகப் பிழிந்ததும், நடுவில் எச்சில் விழுங்கியதும் காரணம். விழுங்கும்போது காதுக்குப் போகும் குழாய் திறக்கிறது. கழுவி அரைமணி நேரம் கழித்துக் குனிந்து மூட்டை எண்ணியபோது குபுக்கென்று நீர் கொட்டியது என்று பயந்திருந்தார். சைனஸ் குழியில் தங்கிய கழுவிய நீர்தான். கழுவியபின் இரண்டு தடவை குனிந்து பக்கவாட்டில் திரும்பினால் வடிந்துவிடும்.

எட்டாம் நாள் இடப்பக்கச் சொட்டும் நின்றது. அன்றிரவும் மறுநாளும் மோசம். தலைமாட்டை ஒரு தலையணை உயர்த்திப் படுக்கச் சொல்லப்பட்டது. பத்தாம் நாள் வலது மூக்கு தானாகத் திறந்தது என்று போன் செய்து சொன்னார். புட்டி இல்லாமல் மூக்கு திறக்கும் என்பதையே மறந்திருந்தார்.

திஞ்சான் விடுமுறை

ஏப்ரல் நடுவில் திஞ்சான், தண்ணீர்த் திருவிழா. குடோன் பூட்டு. குடும்பத்தோடு பெகு பக்கம் உறவுக்காரர் ஊருக்குப் போனார். நாலு நாளும் வாளி வாளியாகத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், சில பிள்ளைகள் பனிக்கட்டி போட்ட தண்ணீர். காலையிலிருந்து மாலைவரை ஈரக் கைலியோடு தெருவில். மூக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை.

தாயாருக்கு இது பெரிய சங்கடமாகப் போயிற்று. நனைந்தால்தானே நீர் கோக்கும்? தலையில் ஊற்றிய நீர் மூக்குக்கு இறங்க வழியில்லை. ரங்கூனின் ஜனவரி விடியலில் வெப்பம் 18 டிகிரி அளவுக்கு இறங்கும்போது குளிர்க் காற்றுக்குக் கொஞ்சம் ஒழுகுவது உண்டு, அது சூடான அறைக்குள் வந்ததும் நிற்கும். ஜனவரியில் மகனுக்கு வந்தது யாரோ ஒருவர் கையிலிருந்து வந்த வைரஸ்.

ஆனால் இந்த விடுமுறையை முழுச் சாட்சியாக எடுக்கவும் கூடாது. அப்போது தெளிப்பு மருந்து இரண்டு வாரத்தைக் கடந்திருந்தது, சொட்டு மருந்தும் நின்றிருந்தது. எது எவ்வளவு குறைத்தது என்று பிரிக்க முடியாது. சாட்சி முழுமையானது வேலைக்குத் திரும்பிய காலையில். அதே மருந்து, அதே அளவு, ஒன்பது மணிக்குள் பதினொரு தும்மல். மாறியது குடோன் ஒன்றுதான்.

குடோனுக்குள்

மருந்துச் சீட்டைவிட இங்கே செய்த மாற்றங்கள் அதிகம் உதவின. முதலாளி செலவு செய்யத் தயாராக இல்லை, எனவே செலவில்லாதவையே முதலில்.

தரையை உலர் விளக்குமாற்றால் பெருக்குவதுதான் நாளின் மோசமான அரைமணி நேரம். சரக்கு இருக்கும் இடத்தில் தண்ணீர் தெளிக்க முடியாது, பருப்பு பூஞ்சை பிடிக்கும். நடைபாதையில் மட்டும் ஈரமான மரத்தூளைத் தூவிப் பெருக்கினார்கள். தூசி அதில் ஒட்டிக்கொண்டது. பெருக்கல், கணக்குப்பிள்ளை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மாற்றப்பட்டது. மேசையும் ஏடும் மூட்டை கொட்டும் வாசலிலிருந்து காற்று வரும் பக்கமாக நகர்ந்தன. முன்பு மேசை, கொட்டும் இடத்துக்கும் சுவர் மின்விசிறிக்கும் நடுவில் இருந்தது: விசிறி தூசியை எல்லாம் அவர் முகத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது.

முகக்கவசம்: துண்டைச் சுற்றிக்கொள்வது பெரிய உமியை நிறுத்தும், நுண் தூசியை நிறுத்தாது. என்95 வகை நிறுத்தும், முகத்தோடு படிந்தால்தான். மூக்கின் மேல் உலோகப் பட்டையை இரண்டு கையாலும் அழுத்தி, பலமாக ஊதும்போது ஓரத்தில் காற்று கசியாமல் இருக்க வேண்டும். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு அந்த உஷ்ணத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். மூட்டை இறக்கும், கொட்டும், பெருக்கும் நேரம் மட்டும் போதும் என்று சொன்னதால்தான் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குளித்து, கைலி சட்டையை மாற்றிவிட்டுத்தான் படுக்கை அறை. வேலைச் சட்டை கட்டிலின் தலைமாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது பத்து வாரமும்.

மழைக்காலம்

ஜூலையில் ஒருமுறை திரும்பியது. விடியற்காலையில், வீட்டில், ஞாயிறன்றும். குடோன் இப்போது குற்றவாளி அல்ல. மே நடுவிலிருந்து அக்டோபர்வரை ரங்கூனின் ஈரத்தில் வீட்டுத்தூசி உண்ணிகள் பெருகும். இவர் தலையணை பழைய இலவம்பஞ்சு, எத்தனை வருஷம் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அதை மாற்றி, உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொல்லப்பட்டது. குளிர்ந்த நீரில் துவைத்தால் அழுக்கு போகும், உண்ணி சாகாது. படுக்கை அறையில் கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை. ஊதுபத்தி பூஜை அறையோடு நின்றது. தெளிப்பு ஒவ்வொரு துளையிலும் ஒன்றாகக் குறைக்கப்பட்டிருந்தது; மழை முடியும்வரை மறுபடி இரண்டு. ரத்த அழுத்தம் 130/84க்கு இறங்கியிருந்தது.

வேறு திசையில் போயிருக்கக் கூடியவை

இவருக்கு இல்லாத, ஆனால் கேட்காமல் விட்டால் ஆபத்தான சில. ஒரு பக்கம் மட்டும், தண்ணீர் போல, குனிந்தால் சொட்டுச் சொட்டாக விழுந்து, வாயில் உப்பாகவோ இனிப்பாகவோ தெரிந்தால், அதுவும் பைக்கிலிருந்து விழுந்து தலை அடிபட்ட பிறகு என்றால், அது மூக்கு நீர் இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். மூக்கைச் சிந்தக் கூடாது, கழுவக் கூடாது, அன்றே மருத்துவமனை. பெரியவருக்கு ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் ரத்தமும் வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. பருப்பு வியாபாரி வீட்டில் என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உளுந்தோ பட்டாணியோ ஈரத்தில் ஊறிப் பெரிதாகும், அதனால் நீர் விட்டுக் கழுவப் பார்ப்பது தவறு, இடுக்கியால் நோண்டுவது அதைவிடத் தவறு. பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்தில் நடுச்சுவரை அரித்து ஓட்டையாக்கும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சின்னக் குழந்தையின் சாதாரணச் சளிக்கு உப்புநீர்ச் சொட்டும், பால் கொடுக்குமுன் மூக்கைத் துடைத்தலும் போதும். பெரியவர்களின் சொட்டு மருந்து, கற்பூரத் தைலம், சளி சிரப் எதுவும் வேண்டாம். இருமலுக்குத் தேன், ஒரு வயது தாண்டியபிறகு மட்டும்.

கடைசியாக

செப்டம்பரில் வந்தபோது மாத்திரையைத் தேவைப்படும் நாளில் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சொட்டு மருந்து இல்லை. தைலக் குழாய் மட்டும் இருந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

மொகிங்காவுக்கு ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை. நிற்கவும் நிற்காது: அதற்குப் புளூட்டிகசோன் தெளிப்பும் வேலை செய்யாது, அலர்ஜி மாத்திரையும் செய்யாது. சாப்பிடுமுன் இப்ராட்ரோப்பியம் மூக்குத் தெளிப்பு அடித்தால் சுரப்பிக்குப் போகும் நரம்பின் கட்டளையைத் தடுத்து ஒழுகலைக் குறைக்கலாம் என்று சொல்லப்பட்டது. மிளகாய்த்தூளைக் குறைப்பது இன்னொரு வழி. இரண்டையும் கேட்டுவிட்டு, கைக்குட்டையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார்.